‘தற்காலிகம்’: அமெரிக்க வேலை விசா வளர்ந்த கதை

1924-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார் தலிப் சிங் சௌந்த். பஞ்சாபிலிருந்து 1920-இல் கப்பலேறியவர். உணவைப் பதப்படுத்தி டின்னில் அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். போன இடத்தில் கணிதத்துக்கு மாறினார். பட்டம் கைக்கு வந்த பிறகு அவர் போய்ச் சேர்ந்தது தெற்குக் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு. அங்கே பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி வேலை. அப்புறம் விவசாயம். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் ஏறக்குறைய கால் நூற்றாண்டு மண்ணோடு மல்லுக்கட்டினார்.

“அண்ணா, மாஸ்டர்ஸ் முடியப்போகுது, அடுத்து என்ன விசா?” என்று கல்லூரி ஜூனியர்கள் அடிக்கடி எனக்குச் செய்தி அனுப்புவார்கள். ஓபிடி, ஸ்டெம் நீட்டிப்பு, எச்-1பி என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். எத்தனையோ யூடியூப் வீடியோக்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் இந்த வரிசை யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டுக் கட்டிய படிக்கட்டு கிடையாது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போடப்பட்ட விதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். அந்த இடைவெளிகளில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். அதனால் கதையை சௌந்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

படிக்கலாம், தங்கக்கூடாது

1917-இல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. ஆசியாவின் பெரும்பகுதியை, இந்தியாவையும் சேர்த்து, ‘தடைசெய்யப்பட்ட மண்டலம்’ என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தது. அந்த மண்டலத்திலிருந்து தொழிலாளிகள் வரக்கூடாது. ஆனால் மாணவர்களுக்கு விலக்கு உண்டு. சௌந்த் உள்ளே போனது அந்த விலக்கில்தான்.

1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்தியர்கள் சட்டம் சொல்லும் பொருளில் ‘வெள்ளையர்’ அல்ல, எனவே குடியுரிமை பெற முடியாது என்பது அதன் சாரம். அடுத்த வருடமே வந்த 1924-ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் குடியேறவே முடியாது என்றது. மாணவர்களுக்கு மட்டும் பழையபடி ஒரு சந்து இருந்தது. படிப்பதற்காக மட்டும் வரலாம், முடித்ததும் கிளம்பிவிட வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் புரியும். ‘மாணவன் என்பவன் திரும்பிப் போகிறவன்’ என்ற எண்ணம், ஆசியர்களைத் தடுப்பதற்காகக் கட்டிய சுவரில் விட்ட ஒரு ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. சுவர் பிறகு இடிக்கப்பட்டது. அந்த எண்ணம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

1946-இல் லூஸ்–செல்லர் சட்டம் வந்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்றது. குடியேற வருடத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கீடும் கொடுத்தது. நூறாயிரம் அல்ல, நூறே பேர். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான சௌந்த் 1949-இல் குடிமகனானார். 1956-இல் தேர்தலில் நின்று, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியரானார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் வழியாக 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அமெரிக்கக் குடிமகனானது 1953-இல். 1946-க்கு முன்னால் என்றால் நோபல் தரத்து மூளைக்கும் அது கிடைத்திருக்காது.

எழுத்துகள் எங்கிருந்து வந்தன

எஃப்-1, எச்-1, பி-1 என்று சொல்கிறோமே, இந்த எழுத்துகள் எல்லாம் 1952-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் ஒரே பிரிவில் வரும் உட்பிரிவு எண்கள்தான். ஏ என்றால் தூதர்கள், பி என்றால் பார்வையாளர்கள், எஃப் என்றால் மாணவர்கள், எச் என்றால் தற்காலிக வேலைக்கு வருபவர்கள். எஃப் உட்பிரிவில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. மாணவருக்கு வெளிநாட்டில் ஓர் இருப்பிடம் இருக்க வேண்டும், அதைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருக்கக்கூடாது. 1924-இன் அதே எண்ணம்தான், வேறு வார்த்தைகளில்.

எச்-1 அப்போது இப்படி இல்லை. தனித்திறமை கொண்டவர்கள் ஒரு தற்காலிகமான பணிக்காக வந்துபோவதற்கான வழி அது. ஆளும் தற்காலிகம், வேலையும் தற்காலிகம். 1970-இல் ஒரு திருத்தம் வந்தது. வேலை தற்காலிகமானதாக இருக்க வேண்டியதில்லை, ஆள் தற்காலிகமாக வந்தால் போதும் என்றது. சின்னத் திருத்தம்தான். ஆனால் நிரந்தரமான வேலையில் தற்காலிகமான மனிதன் என்கிற இன்றைய நிலைமைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் வேலை பார்க்கலாம் என்ற ஏற்பாடு நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் வரவில்லை. 1947-இல் குடியேற்றத் துறை தன் விதிகளில் அதைச் சேர்த்தது. கல்வி நிறுவனம் பரிந்துரைத்தால் ஆறு மாதம் செயல்முறைப் பயிற்சி எடுக்கலாம், நீட்டிப்புகளோடு ஒன்றரை வருடம் வரை போகலாம் என்றது. புத்தகத்தில் படித்ததைத் தொழிற்சாலையில் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் பயன்படுத்தட்டும் என்பது நோக்கம். இதன் நேரடி வாரிசுதான் 1992-இல் ஓபிடி என்ற பெயரோடு வந்த பன்னிரண்டு மாத அனுமதி. சட்டமாக இல்லாமல் துறையின் விதியாக இருப்பதால், அதை நீட்டுவதும் சுருக்குவதும் ஒப்பீட்டளவில் சுலபம். இது பின்னால் முக்கியமாகும்.

ஒரு தலைமுறைக்கு மட்டும் திறந்த கதவு

1965 அக்டோபர் 3-ஆம் தேதி, சுதந்திரதேவி சிலையின் அடியில் வைத்து அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டைப் பார்த்து இடம் கொடுக்கும் பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. கிழக்கு அரைக்கோளத்தில் எந்த நாடாக இருந்தாலும் வருடத்துக்கு உச்சவரம்பு 20,000. இந்தியாவுக்கு நூறாக இருந்தது ஒரே கையெழுத்தில் இருபதாயிரமானது. அவ்வளவு பேர் அப்போது கிளம்பவும் இல்லை.

அதனால் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் படிக்கப்போன இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் படிப்பு முடிந்த கையோடு கிரீன் கார்டு வாங்க முடிந்தது. பத்து வருடக் காத்திருப்பு, குலுக்கல், ஸ்டாம்பிங் எதுவும் அவர்கள் அகராதியில் இல்லை. நியூயார்க்கின் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கு 1977-இல் குடமுழுக்கு ஆனது. வேர்விட்ட தலைமுறைதான் கோபுரம் கட்டும். இன்றைய தலைமுறைக்குச் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ‘விசா கணபதி’ இருக்கிறார். இரண்டு பிள்ளையார்களுக்கும் நடுவே என்ன ஆனது என்பதுதான் மிச்சக் கதை.

குடும்பக் கூட்டத்தில் ஒரு பெரியப்பா, “நாங்கல்லாம் எட்டு டாலரோட போய் செட்டில் ஆனோம், உங்களுக்கு என்னடா கஷ்டம்?” என்று கேட்டால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உழைப்பும் உண்மைதான். ஆனால் அவர் நுழைந்த கதவு இப்போது அந்த அளவில் இல்லை.

1990: இரண்டு கணக்குகள்

இன்றைய எச்-1பி 1990-இல் பிறந்தது. அந்த வருடம் நவம்பர் 29-ஆம் தேதி ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், கையெழுத்திட்ட சட்டம் எச்-1பி-யைப் புதிதாக வரையறுத்தது. குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவைப்படும் வேலை. மூன்று வருடம், பிறகு இன்னொரு மூன்று. வருடத்துக்கு 65,000 பேர். இன்னொன்றும் செய்தது. எச்-1பி-யில் இருப்பவர் நிரந்தரமாகத் தங்க விரும்பினாலும் குற்றமில்லை என்றது. ‘தற்காலிகமாக வந்திருக்கிறேன், ஆனால் தங்கவும் ஆசை’ என்று வெளிப்படையாகச் சொல்லும் உரிமை அது. இதே உரிமையை எஃப்-1 மாணவருக்குக் கொடுக்கவில்லை.

விளைவு என்ன? இருபத்திரண்டு வயதுப் பையனோ பெண்ணோ வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கிக்கொண்டு சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரக ஜன்னல் முன்னால் நிற்கிறார்கள். “படிச்சு முடிச்சதும் என்ன செய்வே?” என்று கேள்வி வருகிறது. “திரும்பி வந்துடுவேன்” என்று சொல்லித்தான் ஆக வேண்டும். இந்திய சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்ட முடியாது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும், கடன் கொடுத்த வங்கிக்கும் தெரியும். ஒரு தலைமுறையே தன் வாழ்க்கையின் முதல் பெரிய நேர்காணலில் ஒப்பிக்கும் அந்த வாக்கியத்தை எழுதியது 1924-உம் 1952-உம்.

1990 சட்டத்தில் இரண்டாவது கணக்கும் இருந்தது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் வேலைக்கு வருபவரோடு அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் எல்லோரும் சேர்த்திதான். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் ஏழு சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. 1,40,000-இல் ஏழு சதவிகிதம் 9,800. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்ட இடங்கள் சில வருடங்களில் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான். எச்-1பி-க்கு நாட்டு உச்சவரம்பே கிடையாது. சமீப வருடங்களில் அங்கீகரிக்கப்படும் எச்-1பி மனுக்களில் எழுபது சதவிகிதத்துக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் போகிறது. மேலே அகலமான வாய், கீழே சின்ன ஓட்டை. புனலில் ஊற்ற ஊற்றத் தேங்காமல் என்ன செய்யும்?

ஒய்2கே-யும் அதன் மிச்சமும்

1997 நிதியாண்டில்தான் 65,000 என்ற வரம்பு முதல்முறையாகத் தீர்ந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பயம், டாட்காம் வேகம் இரண்டும் சேர்ந்து ஆள் கேட்டன. 1998-இல் வரம்பு 1,15,000 ஆனது. 2000 அக்டோபரில் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அதை மூன்று வருடங்களுக்கு 1,95,000 ஆக்கியது. சென்னையில் பல்லவன் பஸ் போலக் கணினிப் பயிற்சி நிலையங்கள் நிரம்பி வழிந்த காலம் அது. ஆனால் கிரீன் கார்டின் 1,40,000-ஐயும் ஏழு சதவிகிதத்தையும் யாரும் தொடவில்லை.

தேங்கப்போகிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால் அதே 2000 சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் ஆறு வருடம் முடிந்த பிறகும் எச்-1பி-யை நீட்டித்துக்கொண்டே போகலாம். ஒருவகையில் கருணைதான், அது இல்லாவிட்டால் லட்சக்கணக்கானவர்கள் பெட்டி கட்டியிருக்க வேண்டும். ஆனால் தற்காலிகம் என்ற சொல்லுக்கு இருந்த கடைசி எல்லையையும் அது எடுத்துவிட்டது. பதினைந்து வருடம், இருபது வருடம் ‘தற்காலிகமாக’ ஒரு நாட்டில் இருப்பது சட்டப்படி சாத்தியமானது.

2003 அக்டோபரில் வரம்பு மறுபடி 65,000-க்கு இறங்கியது. 2004-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலை முடித்தவர்களுக்காக மட்டும் 20,000 சேர்த்தார்கள். மொத்தம் 85,000. இன்றுவரை அதே எண்தான்.

பூக்கள் போன தபால்

2007 ஜூலையில் நடந்தது இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த அத்தியாயம். வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் வெளியிடும். யாருடைய முறை வந்திருக்கிறது என்பதைத் தேதியாகச் சொல்லும் பட்டியல் அது. அந்த ஜூலைக்கான புல்லட்டின், வேலை அடிப்படையிலான பெரும்பாலான பிரிவுகளில் எல்லோருமே கடைசிக்கட்ட விண்ணப்பம் போடலாம் என்றது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு ஓடினார்கள், வக்கீல்களுக்குக் காசு கட்டினார்கள், ஊருக்குப் போகப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி, விண்ணப்பங்கள் போய்ச் சேரத் தொடங்கும் நாளிலேயே, எண்கள் தீர்ந்துவிட்டன என்று சொல்லிவிட்டார்கள்.

விசாவில் இருப்பவன் எப்படிப் போராடுவான்? ஓட்டு கிடையாது. கோஷம் போட பயம். ‘லகே ரஹோ முன்னாபாய்’ என்ற இந்திப் படம் முந்தின வருடம்தான் ‘காந்திகிரி’யைப் பிரபலமாக்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூலை 10-ஆம் தேதி நாடு முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கான பூங்கொத்துகள் குடியேற்றச் சேவைத் துறையின் இயக்குநர் எமிலியோ கொன்சாலஸ் பெயருக்குப் போய் இறங்கின. அவர் அந்தப் பூக்களை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருக்கும் காயமடைந்த வீரர்களுக்கு அனுப்பச் சொன்னார். ஜூலை 17-ஆம் தேதி அரசு முடிவை மாற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்படும் என்றது.

பூவால் மட்டும் மாறியதா என்றால், வழக்குகளும் அரசியல் அழுத்தமும் கூடவே இருந்தன. ஆனாலும் ‘டெக்கி’ என்று கிண்டல் செய்யப்பட்ட ஒரு கூட்டம், தன் சொந்த ஊர்ச் சினிமாவிலிருந்து ஒரு போராட்ட முறையை எடுத்துக்கொண்டு வாஷிங்டனில் ஜெயித்தது சாதாரண விஷயமில்லை. அவர்கள் ஜெயித்தது கிரீன் கார்டை அல்ல, வரிசையில் விண்ணப்பம் போடும் உரிமையை மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குலுக்கல் தலைமுறை

அதே 2007 ஏப்ரலில் எச்-1பி விண்ணப்பங்கள் முதல் நாளிலேயே வரம்பைத் தாண்டின. கணினி குலுக்கிப் போட்டது. இதன் எதிரொலியாக 2008 ஏப்ரலில் புஷ் அரசு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு ஓபிடியில் 17 மாதங்களைச் சேர்த்தது. ஒரே குலுக்கலில் விழாதவர் அடுத்த குலுக்கலுக்கும் காத்திருக்கட்டும் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். பயிற்சிக்காக 1947-இல் பிறந்த விதி, காத்திருப்பு அறையாக மாறியது.

அது சட்டமாக இல்லாமல் விதியாக இருந்ததன் ஆபத்து சீக்கிரமே தெரிந்தது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பணியாளர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2015 ஆகஸ்டில் நீதிபதி, பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் கொண்டுவந்த விதி என்று சொல்லி 17 மாத நீட்டிப்பை ரத்து செய்தார். உடனே அமலுக்கு வராமல் கெடு கொடுத்தார். கெடு முடிவதற்குள், 2016 மே 10 முதல் 24 மாத நீட்டிப்பு என்று ஒபாமா அரசு புது விதி கொண்டுவந்தது. அதன் மீதும் வழக்கு போனது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

ஸ்டெம் படித்தவருக்கு இப்போது மொத்தம் மூன்று வருடம். அதாவது மூன்று குலுக்கல். 2025 மார்ச் பதிவில் தகுதியான 3,43,981 பதிவுகளில் 1,20,141 தேர்வாயின. ஏறக்குறைய முப்பத்தைந்து சதவிகிதம். அதே விகிதம் நீடித்தாலும், மூன்று முறை போட்டும் விழாதவர்கள் நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருப்பார்கள். நன்றாகப் படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர், எந்தத் தப்பும் செய்யாதவர். அவர்தான் அந்த நான்கில் ஒருவர்.

விழுந்தவர்களுக்கும் நிம்மதி முழுசாக இல்லை. நாட்டுக்குள் இருக்கும் உரிமை வேறு, வெளியே போனால் திரும்பி நுழையத் தேவைப்படும் பாஸ்போர்ட் முத்திரை வேறு. 2020 ஜூன் 22-ஆம் தேதி எச்-1பி-யில் புதிதாக நுழைவதற்குத் தடை வந்தபோது, ஊருக்கு வந்திருந்தவர்களில் முத்திரை காலாவதியானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்தத் தடை 2021 மார்ச் வரை நீடித்தது. அங்கே இருந்தவர்கள் கிளம்பவே பயந்தார்கள். என் நண்பன் ஒருவன் தன் அப்பாவின் காரியத்தை ஒஹையோவில் உட்கார்ந்து போனில் பார்த்தான். கொள்ளி வைத்தது சித்தப்பா பையன். “வந்திருந்தா வேலை போயிருக்கும், வேலை போனா வீடு போயிருக்கும்டா” என்றான். அவன் அங்கே போய் அப்போது பதினோரு வருடம்.

2025 செப்டம்பர் 19-ஆம் தேதி வந்த அறிவிப்பு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கப்படும் எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் ஒரு மாதம் கழித்து அக்டோபரில்தான் வந்தது. டிசம்பரில் குலுக்கலையே மாற்றினார்கள். சம்பள நிலை உயர உயர வாய்ப்பும் உயரும். புதிதாகப் படிப்பு முடித்து முதல் படியில் சேர்பவருக்கு இது பாதகம்.

ஜூனியர்களுக்கு

இது அமெரிக்காவின் தனிக்குணம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 2008-இல் படிப்புக்குப் பிந்தைய இரண்டு வருட வேலை அனுமதி கொடுத்தது, 2012 ஏப்ரலில் மூடியது, 2021 ஜூலையில் மறுபடி திறந்தது, 2025-இல் அதைப் பதினெட்டு மாதமாகக் குறைக்கப்போவதாகச் சொன்னது. மாணவர் கட்டும் பணம் வேண்டும், மாணவர் தங்குவது வேண்டுமா என்பதில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை.

அதனால் “எந்த விசா நல்லது?” என்று கேட்பவர்களிடம் நான் இப்போது வருடங்களை எழுதிக் காட்டுகிறேன். 1998, 2000, 2004, 2008, 2016, 2020, 2024, 2025. ஒவ்வொன்றிலும் விதியோ எண்ணோ தேர்ந்தெடுக்கும் முறையோ மாறியிருக்கிறது. முதுகலை இரண்டு வருடம், ஓபிடி மூன்று வருடம், சேர்த்து ஐந்து. நீங்கள் விண்ணப்பிக்கும்போது இருக்கும் விதி நீங்கள் குலுக்கலில் நிற்கும்போது இருக்கும் என்று வரலாறு சொல்லவில்லை. கல்விக் கடனோ பத்து, பதினைந்து வருடத்துக்கு எழுதப்படுகிறது. போகாதே என்று நான் யாரையும் சொல்வதில்லை. எச்-1பி விழாமல் ஓபிடி முடிந்த அன்றைக்கு ஊருக்கு வந்தால் இந்தத் தவணையை யார், எதிலிருந்து கட்டுவது என்ற ஒரு கேள்விக்கு அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பதில் எழுதிவிட்டுப் போ என்று சொல்கிறேன். அந்தப் பதில் இருந்தால் மற்றது தாங்கும்.

அங்கேயே நிலைத்துவிட்டவர்களுக்கான கணக்கு வேறு. 2025 செப்டம்பர் புல்லட்டினில் முதுகலைப் பிரிவில் இந்தியர்களுக்கு வந்திருந்த தேதி 2013 ஜனவரி 1. அன்றைக்கு வரிசையில் நின்றவருக்கு அந்த வருடம் வெளியில் பிறந்து, பெற்றோர் விசாவின் நிழலில் வளர்ந்த குழந்தைக்கு 2025-இல் பன்னிரண்டு வயது. இருபத்தொன்று ஆனால் அந்த நிழல் கிடையாது. அதற்குள் அப்பாவின் முறை வராவிட்டால், பள்ளிக்கூடம் முழுக்க அமெரிக்காவில் படித்த அந்தப் பிள்ளை கல்லூரியில் தொடர்வதற்கு எஃப்-1 வாங்க வேண்டியிருக்கும். படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிப் போவேன் என்று அதுவும் சொல்ல வேண்டும்.